எம்எம்ஏ கண்டிஷனிங்னு போய் ஆஸ்பத்திரியில படுத்த கதை: 1,18,500 ரூபாயும் 5 மாசமும்

இதை எழுதணும்னு ஆஸ்பத்திரி பெட்ல படுத்திருந்தப்பவே நினைச்சேன், ஆனா அப்போ கையில போனைப் பிடிக்கவே தெம்பு இல்ல, அப்புறம் வெக்கமா இருந்துச்சு, அப்படியே தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. இப்போ எங்க எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) ஜிம்ல புதுசா நிறைய பேர் சேர்றாங்க. 2024 ஜூன்ல பூஜா தோமர் யுஎஃப்சிங்கற பெரிய எம்எம்ஏ போட்டியில ஜெயிச்ச முதல் இந்தியப் பொண்ணுன்னு பேர் வாங்கின பிறகு பொண்ணுங்களும் வர ஆரம்பிச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் ரெண்டாவது வாரமே கேக்குற கேள்வி "அண்ணா, கண்டிஷனிங்குக்கு தனியா யார்கிட்ட போகலாம்?". கண்டிஷனிங்னா சண்டைக்கு உடம்பையும் தம்மையும் ஏத்துற பயிற்சி. நானும் அதே கேள்வியோடதான் போனேன். அதனால இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல சிஎன்சி மெஷின் ஆபரேட்டர், சம்பளம் 27,000. சாயந்தரம் ஜிம்ல எம்எம்ஏ, மூணு வருஷமா. 2022 கடைசியில முதல் அமெச்சூர் ஃபைட் போட்டேன். அமெச்சூர்ல பெரும்பாலும் 3 நிமிஷம் 3 ரவுண்டுதான், ப்ரோ மாதிரி 5 நிமிஷம் கிடையாது, அதனால ஈஸியா தாங்கிடலாம்னு நினைச்சேன். முதல் ரவுண்டு நல்லாத்தான் போச்சு, ஒரு டேக்டவுன் கூட எடுத்தேன், அதாவது ஆளைப் பிடிச்சுக் கீழ போட்டேன். ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சு ஒரு நிமிஷத்துல கை மேல தூக்கவே வரல. சண்டை நடக்குற கூண்டு ஓரமா என்னை சாத்தி வச்சு அந்தப் பையன் முட்டியால குத்துறான், எனக்கு அவன் மூச்சு சீரா போறது காதுல கேக்குது, என் மூச்சு விசில் மாதிரி வருது. தோத்ததை விட அந்த விசில் சத்தம்தான் வீட்டுக்கு வந்தும் தூங்க விடல.

அடுத்த ரெண்டு மாசத்துல, 2023 பிப்ரவரியில, உத்தராகண்ட்ல இருந்து வந்த அன்ஷுல் ஜூப்ளி ரோடு டு யுஎஃப்சிங்கற, யுஎஃப்சிக்கு ஆள் எடுக்குற போட்டியோட லைட்வெயிட் ஃபைனல்ல ஜெயிச்சு கான்ட்ராக்ட் வாங்கினாரு. நான் போட நினைச்ச அதே வெயிட், 70.3 கிலோ. நம்ம ஊர்ல இருந்தும் போக முடியும்னு ஒரு வெறி வந்துச்சு. என் டெக்னிக் பரவால்ல, தம்முதான் இல்ல, அதை மட்டும் சரி பண்ணிட்டா போதும்னு முடிவு பண்ணி, ஒரு கண்டிஷனிங் கோச்கிட்ட 12 வாரத்துக்கு 36,000 ரூபா மொத்தமா கட்டி சேர்ந்தேன். பேர் வேண்டாம். அவர் கெட்டவர்னு சொல்லவும் நான் வரல, தனக்குத் தெரிஞ்சதைத்தான் செஞ்சாரு. ஆனா அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, ஆளை எப்படி களைக்க வைக்கிறதுங்கறது.

மொட்டை மாடியில ஷீட் போட்ட கொட்டகை. வாரத்துல அஞ்சு நாள். டயர் புரட்டணும், சம்மட்டியால டயரை அடிக்கணும், பேட்டில் ரோப், பர்ப்பீஸ், பாக்ஸ் ஜம்ப், எல்லாத்தையும் ரெஸ்ட் இல்லாம சுத்திச் சுத்தி பண்ணணும். வாய் மூக்கை மூடுற ஒரு மாஸ்க் வேற, 2,800 ரூபா, அது போட்டா மலை மேல ட்ரெயின் பண்ற மாதிரின்னு சொன்னாரு. அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், மலை மேல காத்தழுத்தமே குறையுது, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜன் குறையுது, உடம்பு அதுக்குப் பழகுது. மாஸ்க் போட்டா உள்ள வர்றது அதே சென்னை காத்துதான், வர்ற வழியை மட்டும் அடைக்குது. மூச்சு இழுக்குற தசைக்கு கொஞ்சம் வேலை கிடைக்கலாம், அவ்வளவுதான். அதைப் போட்டுக்கிட்டு செய்ய வேண்டிய வேலையையும் நான் பாதிதான் செஞ்சேன்.

முதல் ரெண்டு வாரம் சொர்க்கம். டெய்லி வாந்தி எடுக்குற அளவுக்கு பண்ணிட்டு வீட்டுக்கு வந்து படுக்கும்போது, இன்னிக்கு உழைச்சேன்னு ஒரு திருப்தி. நாலாவது வாரத்துல இருந்து சின்னச் சின்னதா மாற ஆரம்பிச்சுது, நான்தான் கவனிக்கல. ராத்திரி உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், தூக்கம் வராது. ஸ்பாரிங்ல (பயிற்சிச் சண்டையில) நான் சாதாரணமா தட்டி விடுற ஜாப் (நேர் குத்து) எல்லாம் மூக்கு மேல விழுந்துச்சு. அம்மா சோறு போட ரெண்டு நிமிஷம் லேட்டானா எரிஞ்சு விழுவேன். கையில ஒரு 1,500 ரூபா ஸ்மார்ட் பேண்ட் கட்டியிருந்தேன், அது காலையில நாடித் துடிப்பை தானா குறிச்சு வச்சிருக்கு. எல்லாம் முடிஞ்சு பின்னாடி எடுத்துப் பாத்தா மார்ச்ல 56, 57னு இருந்தது ஏப்ரல் கடைசியில 67, 68. உடம்பு தினமும் காலையில சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நான் அந்த பேண்ட்ல மணி மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன். தினமும் காலையில எழுந்ததும், பாத்ரூம் போயிட்டு வந்து, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி உக்காந்து ஒரு நிமிஷம் நாடி எண்ணி ஒரு நோட்டுல எழுதி வைங்க. மெஷினே வேண்டாம், கழுத்துல ரெண்டு விரல் வச்சா போதும். உங்க வழக்கமான எண்ணை விட ஏழு எட்டு கூடுதலா ரெண்டு மூணு நாள் தொடர்ந்து இருந்தா, காய்ச்சல் வரப் போகுது, இல்ல தூக்கம் பத்தல, இல்ல ட்ரெயினிங் ஓவரா போகுதுன்னு வச்சுக்கலாம். அன்னிக்கு ஹெவியா எதுவும் வேண்டாம். இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது.

மே மாசம் அக்கா கல்யாணம், செய்யாறு பக்கம் எங்க ஊர்ல. 12 நாள் ஊர்ல இருந்தேன். பந்தல், பாத்திரம், பஸ் ஸ்டாண்டுல இருந்து சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்றதுன்னு ஒரே அலைச்சல், ராத்திரி மூணு மணி நேரம்தான் தூக்கம், ட்ரெயினிங் சுத்தமா இல்ல. திரும்பி வந்து வெயிட் போட்டா 76.4. அடுத்த ஃபைட்டுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. கோச் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டாரு, "12 நாள் லீவு எடுத்தல்ல, இன்னிக்கு வட்டியோட கட்டணும்". எனக்கும் குற்ற உணர்ச்சி, கட்டிடலாம்னு போயிட்டேன். கத்திரி வெயில். சாயந்தரம் நாலு மணி, அந்த ஷீட்டுக்கு அடியில நின்னா தலைக்கு மேல தோசைக்கல்லை வச்ச மாதிரி அனல் இறங்குது. வெயிட் குறையணும்னு அதுக்குள்ள ஸ்வெட் சூட் வேற, வேர்வையைக் கூட்டுற காத்துப் புகாத ட்ரெஸ். ரப்பர் பேண்ட் மாட்டிக்கிட்டு 20 புல்-அப், 30 பர்ப்பீஸ், 40 ஜம்ப் ஸ்குவாட், 10 தடவை டயர், இது ஒரு ரவுண்டு. இந்த மாதிரி அஞ்சு ரவுண்டு. கூட்டிப் பாருங்க, 100 புல்-அப், 150 பர்ப்பீஸ், 200 ஜம்ப் ஸ்குவாட். 12 நாள் சும்மா இருந்த உடம்புக்கு. நாலாவது ரவுண்டுல கம்பியில இருந்து இறங்கும்போது கை என்னுது மாதிரியே இல்ல. நிறுத்தலாமான்னு கேட்டேன், "கேஜுக்குள்ள நிறுத்தச் சொல்லி கேப்பியா?"ன்னாரு. அந்தக் கேள்விக்கு அப்போ எனக்கு பதில் தெரியல, முடிச்சேன். குடிச்ச தண்ணி அரை லிட்டர் இருக்கும்.

வீட்டுக்கு வரும்போது பைக்ல கிளட்ச் பிடிக்க முடியல, ரெண்டு இடத்துல ஓரங்கட்டி நின்னு வந்தேன். மறுநாள் காலையில ரெண்டு முழங்கையும் மடங்கினபடியே நின்னுடுச்சு, நீட்ட வரல. புஜம் ரெண்டும் வீங்கி கல்லு மாதிரி. சீப்பு எடுத்து தலை வார முடியல, அம்மாதான் சோறு ஊட்டினாங்க. சாதாரண உடம்பு வலி எனக்கு நல்லா தெரியும், அசைக்க அசைக்க கொஞ்சம் விடும். இது விடல. ஆனா நான் என்ன பண்ணேன், தெரு முனை மெடிக்கல்ல போய் வலிக்கு மாத்திரை கேட்டேன், டைக்ளோஃபெனாக் குடுத்தாரு. காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணுன்னு ரெண்டு நாள்ல நாலு போட்டேன். லீவு முடிஞ்சு வந்ததால மறுபடி லீவு கேக்க பயந்து நைட் ஷிஃப்டுக்கும் போனேன்.

மூணாவது நாள் காலையில யூரின் போறேன், டிகாஷன் நிறத்துல வருது. மிகைப்படுத்தல, தண்ணி கலக்காத காபி டிகாஷன் அப்படியே. கோச்சுக்கு மெசேஜ் பண்ணேன், "உடம்புல இருக்குற கழிவு வெளிய போகுது, தண்ணி நிறைய குடி, நாளைக்கு லைட்டா வா"ன்னு பதில். ஜிம்ல கூட ட்ரெயின் பண்ற ஒரு தம்பி நர்சிங் படிக்கிறான், அவனுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். பத்து செகண்டுல போன் வந்துச்சு, "அண்ணா, ட்ரெஸ் மாத்திட்டு இப்பவே எமர்ஜென்சிக்கு போங்க, மாத்திரை எதுவும் போடாதீங்க, நான் அங்க வரேன்". அந்தப் பையனுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ரத்தத்துல சி.பி.கே.ன்னு ஒண்ணு பாத்தாங்க. தசைக்குள்ள இருக்க வேண்டிய ஒரு நொதி அது, ரத்தத்துல சுமாரா 200 வரைக்கும் இருக்கலாம். எனக்கு 74,000. கிரியாட்டினின் 2.1, பொட்டாசியமும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு, உடனே இ.சி.ஜி. எடுத்தாங்க. டூட்டி டாக்டர் அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு பொறுமையா சொன்னாங்க. இதுக்குப் பேரு ராப்டோமயோலைசிஸ். தாங்க முடியாத வேலையை சூட்டுல, தண்ணி இல்லாம குடுத்ததால தசை இழை உடைஞ்சு, அதுக்குள்ள இருந்த மயோகுளோபின்ங்கற புரதம் ரத்தத்துல கலந்துடுச்சு, அதை வடிகட்ட முடியாம கிட்னி திணறுது, அந்த டிகாஷன் நிறம் அதோடதுதான். பொட்டாசியம் ஏறினா ஹார்ட் தாளம் தப்பிடும், அதனாலதான் இ.சி.ஜி. "வலி மாத்திரை போட்டியாப்பா?"ன்னு கேட்டாங்க. நாலு போட்டேன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அந்த வகை மாத்திரை கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்குமாம், உடம்புல தண்ணி இல்லாதப்போ அது ரெட்டை அடி. இன்னும் ஒரு நாள் வீட்ல இருந்திருந்தா டயாலிசிஸ் பத்தி பேசிட்டிருப்போம்னாங்க. அம்மா என் காலைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தாங்க, அழக் கூட இல்ல.

ஆறு நாள். ராத்திரி பகலா ட்ரிப்ஸ், அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக்குல யூரின் பிடிச்சு சிஸ்டர்கிட்ட காட்டணும், அவங்க சார்ட்ல எழுதுவாங்க. டிகாஷன் டீயாச்சு, டீ எலுமிச்சை ஜூஸாச்சு, மூணாவது நாள் ராத்திரி தெளிவா வந்தப்போ நான் அந்த ஜக்கைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம்லயே நின்னு அழுதேன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு சி.பி.கே. 7,800க்கு இறங்கியிருந்துச்சு. பில் 1,12,000. கம்பெனி இன்ஷூரன்ஸ்ல 70,000 வந்துச்சு, மீதி 42,000 அம்மாவோட ரெண்டு வளையலை அடகு வச்சுதான் கட்டினோம். அக்கா கல்யாணத்துல தப்பிச்ச வளையல் அது. அப்புறம் 24 நாள் சம்பளம் இல்லாத லீவு, 21,600. பேக்கேஜ் 36,000, மாஸ்க் 2,800, கோச் வாங்கச் சொன்ன ப்ரீ-ஒர்க்அவுட், ஃபேட் பர்னர் பவுடருங்க 11,500, அதுக்கப்புறம் எடுத்த ரத்த டெஸ்டுங்க 4,600. மொத்தம் 1,18,500. மீதி மூணு வாரத்துக்காவது பணம் திருப்பித் தாங்கன்னு கேட்டேன், பதில் வரல.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியதை சுத்தி வளைக்காம சொல்றேன். ஹெவி ட்ரெயினிங்குக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள்ல யூரின் டீ, காபி, கோலா நிறத்துல வந்தா, அல்லது கை கால் வீங்கி நீட்ட மடக்க முடியாம போனா, யார்கிட்டயும் கேக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி போங்க, போய் "எக்ஸர்சைஸ் பண்ண பிறகு இப்படி ஆச்சு, சி.பி.கே. பாருங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. லீவு, காய்ச்சல், கல்யாணம், எதுக்காகவோ பத்து நாள் விட்டுட்டு வந்தா முதல் வாரம் பழைய வேலையில பாதிதான், அதுலயும் கம்பியில மெதுவா இறங்குற மாதிரி, தசை இழுபட்டுக்கிட்டே வேலை செய்யுற பயிற்சிகளை இன்னும் குறைக்கணும். சூட்டுக்கு உடம்பு பழக 10ல இருந்து 14 நாள் ஆகும், கத்திரியில ஏசி ரூம்ல இருந்து நேரா மொட்டை மாடிக்குப் போகாதீங்க. உங்க இன்ஷூரன்ஸ் பேப்பரையும் ஒரு தடவை படிச்சிடுங்க, சில பாலிசியில சண்டை விளையாட்டுல வர்ற அடிக்கு பணம் தர மாட்டாங்க.

ஸ்வெட் சூட் விஷயம் தனியா சொல்லணும். ஃபைட்டுக்கு அஞ்சு வாரம் இருக்கும்போது நான் அதைப் போட்டதுல எந்த அர்த்தமும் இல்ல, போனது தண்ணி, மறுநாள் திரும்பி வந்துடும். கடைசி நாட்கள்ல தண்ணியை வத்த வச்சு வெயிட் இறக்குறதும் சின்ன விஷயம் இல்ல. 2015 டிசம்பர்ல மணிலாவுல ஒன் சாம்பியன்ஷிப்ங்கற எம்எம்ஏ அமைப்போட ஃபைட்டுக்கு வந்த சீனாக்காரர் யாங் ஜியான் பிங், 21 வயசு, வெயிட் குறைக்கும்போதே இறந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் அந்த அமைப்பு தண்ணி வத்த வச்சு வெயிட் இறக்குறதைத் தடை பண்ணி, உடம்புல நீர்ச்சத்து சரியா இருக்கான்னு யூரின் டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சாங்க. அவ்வளவு பெரிய மேடையிலயே அது நடந்திருக்கு. நாம மொட்டை மாடியில தனியா பண்றோம். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் 70.3 ஆசையை விட்டுட்டேன், 77.1 கிலோ வெல்டர்வெயிட்லதான் இப்போ போடறேன். எதிர்ல வர்றவங்க என்னை விட உயரமாத்தான் இருக்காங்க, பரவால்ல.

ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்ட் நார்மல். நடக்க மட்டும் சொன்னாங்க. ஆறு வாரத்துல ஜிம்முக்குப் போய் ஷேடோ (எதிர்ல ஆள் இல்லாம காத்துல குத்துறது), லைட் ட்ரில் மட்டும். ஸ்பாரிங் அக்டோபர்லதான். அதுக்கு நடுவுல ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன், 600 ரூபா ஃபீஸ். அவங்க கேட்ட முதல் கேள்வி, "வாரத்துல எத்தனை நாள் ஸ்பாரிங் பண்றீங்க, எத்தனை நாள் கிராப்பிளிங் (பிடிச்சு மல்லு கட்டுறது)?". நான் அப்படியே உக்காந்துட்டேன். 36,000 வாங்கினவர் ஒன்பது வாரத்துல ஒரு தடவை கூட இதைக் கேக்கல. வாரத்துக்கு ஆறு செஷன் ஜிம்ல அடி வாங்கிட்டு வர்றவனுக்கு மேல அஞ்சு செஷன் ஏத்தினா, மொத்தம் பதினொண்ணு, அதுல எது உடம்புல ஒட்டும்? அதனால யார்கிட்ட சேர்றதுக்கு முன்னாடியும் அவர் உங்ககிட்ட என்ன கேக்குறாருன்னு பாருங்க. உங்க ஜிம் டைம்டேபிள், பழைய அடி, வேலை ஷிஃப்ட், ஃபைட் தேதி, இதையெல்லாம் கேக்காம முதல் நாளே டயரைக் காட்டினா வந்துடுங்க. மூணு மாசத்துல என் முன்னேற்றத்தை எதை வச்சு அளப்பீங்கன்னு நீங்களும் கேளுங்க. "நீயே ஃபீல் பண்ணுவ"ன்னு பதில் வந்தா பணம் கட்டாதீங்க. கட்டினாலும் மாசா மாசம் கட்டுங்க.

அந்த மேடம்தான் தம்முங்கறது என்னன்னு எனக்கு உடைச்சுச் சொன்னாங்க. ஆளைக் கீழ போட காலைப் பிடிக்கப் பாயுறோம், அதாவது ஒரு ஷாட் அடிக்கிறோம், ஒரு நாலு குத்து காம்பினேஷன் விடறோம், அதுக்கு தசைக்குள்ள தயாரா இருக்குற சரக்கு சுமாரா பத்து செகண்டுக்குத்தான் வரும். அப்புறம் சுத்தி வர்றோம், கிளிஞ்ச்ல ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சு சாஞ்சு நிக்கிறோம், அந்த நேரத்துல ஆக்சிஜனை வச்சு உடம்பு அந்தச் சரக்கைத் திரும்ப நிரப்புது. எவ்வளவு சீக்கிரம் நிரப்புதோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த ஷாட். ரெண்டாவது ரவுண்டுல எனக்கு கை தூக்க வராததுக்குக் காரணம் நிரப்புற ஆள் பலவீனமா இருந்தது. அந்த ஆளை வளக்குறது நிதானமான ஓட்டம், பக்கத்துல ஓடுறவங்ககிட்ட பேசிக்கிட்டே ஓடுற வேகம். நான் ரெண்டு மாசமா அதைத் தொடவே இல்ல, தினமும் நெஞ்சு எரியுற சர்க்யூட்தான். எரிச்சல் இருந்தா வேலை நடக்குதுன்னு நம்பினேன்.

இப்போ என் வாரம் எப்படின்னா, திங்களும் வியாழனும் ஸ்ட்ரெங்த், 45 நிமிஷம்தான். டெட்லிஃப்ட் 3 செட் 5 ரெப், ஒத்தக் கால் ஸ்குவாட், வெயிட் கட்டி புல்-அப் 4 செட் 5, ரெண்டு கையிலயும் வெயிட் தூக்கிக்கிட்டு நடக்குறது, கழுத்துக்கு பேண்ட் மாட்டி அசையாம தாங்குறது. செட்டுக்கு நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் முழுசா ரெஸ்ட். முதல்ல அந்த ரெஸ்ட் எனக்கு சோம்பேறித்தனம் மாதிரி இருந்துச்சு, ஆனா பலம் ஏத்துற வேலையில ரெஸ்ட் குறைஞ்சா தூக்குற வெயிட்டும் குறைஞ்சு அது வெறும் மூச்சு வாங்குற வேலையா மாறிடுது. செவ்வாயும் சனியும் காலையில அம்பத்தூர் ஏரிக்கரையில 40 நிமிஷம், நாடி 130ல இருந்து 145க்குள்ள. முதல் மாசம் அந்த எண்ணுக்குள்ள நிக்கணும்னா நான் பாதி நேரம் நடக்க வேண்டியிருந்துச்சு, வாக்கிங் போற தாத்தாங்க எல்லாம் தாண்டிப் போனாங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா விடல. நாலாவது மாசம் அதே நாடியில ஓடவே முடிஞ்சுது.

தோளுக்கு கர்லாக்கட்டை சுத்தறேன். வியாசர்பாடியில பழைய பாக்ஸர் ஒருத்தர், மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம், அவர் கத்துக் குடுத்தாரு. ஜிம்ல ரப்பர் பேண்டு வச்சு பண்ற தோள் வார்ம்-அப் எல்லாத்தையும் விட எனக்கு இது கேக்குது, ஹூக் (பக்கவாட்டுக் குத்து) போடும்போது முன்னாடி குத்துற மாதிரி இருந்த வலி போயிடுச்சு. வடசென்னையில குத்துச்சண்டை போட்ட பெரியவங்க பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை, மணல் ஓட்டம்னு வளந்தவங்க, அதுல நிறைய சரக்கு இருக்கு. ஆனா அந்தக் காலத்துல ட்ரெயினிங்ல தண்ணி குடிக்க விட மாட்டாங்கன்னு மாஸ்டரே சொல்வாரு, அது தப்புதான், அதை நாம எடுத்துக்க வேண்டியதில்ல.

ஃபைட்டுக்கு ஆறு வாரம் முன்னாடிதான் நெஞ்சு எரியுற வேலை, அதுவும் வாரத்துக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. டயரும் சம்மட்டியும் கிடையாது, பேட்லயும் பேக்லயும் குத்துறது, சுவத்துல சாத்தி மல்லு கட்டுறது, இதையே 3 நிமிஷம் ரவுண்டா, நடுநடுவுல எட்டு பத்து செகண்டு முழு வேகம், 1 நிமிஷம் ரெஸ்ட். அந்த ஒரு நிமிஷ ரெஸ்ட்லதான் என் பரீட்சையே. ரவுண்டு முடிஞ்ச உடனே நாடி எவ்வளவு, 60 செகண்டு கழிச்சு எவ்வளவு, நோட்டுல எழுதுவேன். ஆரம்பத்துல 178ல இருந்து 160க்குத்தான் இறங்குச்சு. ஃபைட் நெருங்கினப்போ 176ல இருந்து 138. இதுதான் 36,000 குடுத்தும் எனக்குக் கிடைக்காத விஷயம். கடைசி எட்டு பத்து நாள் எல்லாத்தையும் பாதியாக் குறைச்சுட்டேன். அப்போ மனசு பதறும், இன்னும் ஏதாவது பண்ணணும்னு கை அரிக்கும். நம்பகமான ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்து தடுக்கணும், எனக்கு மாஸ்டர் இருந்தாரு.

சாப்பாட்டுல பெரிசா எதுவும் இல்ல. டப்பா பவுடருங்க எல்லாத்தையும் நிறுத்திட்டேன், உள்ள என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது, டோப் டெஸ்ட் வர்ற போட்டின்னா மாட்டிக்கிறது நாமதான். நாலு முட்டை, கொண்டைக்கடலை, தயிர், வாரத்துல மூணு நாள் மத்தி மீன், மதியம் வழக்கம்போல சோறு. ஸ்பாரிங் நாள்ல சோறு குறைக்கிறதில்ல. வேர்வை அதிகம் போற நாள்ல ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை அதுல போட்டிருக்கிற மாதிரியே ஒரு லிட்டர் தண்ணியில கலக்கிக் குடிப்பேன், இல்லாட்டி உப்பு போட்ட மோர்.

2024 பிப்ரவரியில திரும்ப ஏறினேன். பாயிண்ட்ஸ்ல தோத்தேன், ரெண்டு ஜட்ஜ் அந்தப் பக்கம், ஒருத்தர் என் பக்கம். மூணாவது ரவுண்டு கடைசி நாப்பது செகண்டுல ரெண்டு காலையும் பிடிக்கிற ஒரு டபுள் லெக் ஷாட் அடிச்சு ஆளைக் கீழ போட்டேன், மேல இருந்தபடியே பெல் அடிச்சுது. கார்னர்ல வந்து உக்காந்ததும் மாஸ்டர் வழக்கம் போல கழுத்துல ரெண்டு விரல் வச்சு எண்ணினாரு, ஒண்ணும் சொல்லாம தண்ணி பாட்டிலை நீட்டினாரு. வளையலை அதுக்கு அடுத்த மாசம் மீட்டாச்சு.

போன வாரம் ஜிம்ல ஒரு பையன் டெங்கு வந்து மூணு வாரம் கழிச்சு வந்தான், 19 வயசு, வந்ததும் புல்-அப் கம்பிக்குக் கீழ போய் நின்னான். ஊர்ல எல்லாரும் 100 சேலஞ்ச் பண்றாங்கண்ணா, நான் பின்தங்கிட்டேன்னான். அவனை உக்கார வச்சு இந்தக் கதை மொத்தமும் சொன்னேன், போன்ல இருந்த அந்த டிகாஷன் ஃபோட்டோவையும் காட்டினேன். முகம் மாறிடுச்சு. அப்புறம் எழுந்து போய் அஞ்சு எடுத்தான், ரெஸ்ட் விட்டு இன்னொரு அஞ்சு. நான் பக்கத்துல நின்னு எண்ணிட்டு, போதும்டா, இறங்கு, புதன்கிழமை வான்னு அனுப்பி வச்சேன்.